கருமண் கொட்டிய கிணறு

போன மாதம் எங்கள் இரும்பு வார்க்கிற பவுண்டரியில் புதிதாக ஒரு மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன். வார்ப்பில் வெந்து கருத்துப்போன மண்ணை ஒரு பக்கம் கொட்டுகிறார்கள். அது உள்ளே சூடாகி, சுழன்று, ஒன்றோடொன்று உரசி, மறுபக்கம் வெளுத்துப்போய் மணலாக விழுகிறது. ஒரு கை வாங்கிப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. முகர்ந்தேன். வாசமே இல்லை. என் ஆயுசில் பாதிக்கு மேல் அந்த மண்ணோடுதான் போயிற்று. வாசமில்லாத வெந்த மண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன். கையைத் தட்டிவிட மனம் வரவில்லை.

கோர் ஷாப்பில் இப்போது வேலை செய்கிற பெண்பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றார்கள். அதில் ஒருத்தி வாய்த்துடுக்கானவள்.

"ஏனுங்கம்மா, இந்த மெஷின் வாரதுக்கு முன்னாடி வெந்த மண்ணையெல்லாம் என்னதானுங்க பண்ணீங்க? தின்னுபோட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நாங்க திங்கலீங் கண்ணு. ஒரு கிணறு தின்னுச்சு."

அதற்குள் டீ வந்துவிட்டது, போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள், பேச்சு அங்கேயே விட்டுப்போயிற்று. கிளம்பும்போது, கோர் ஷாப்பை இப்போது பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் பெண் சுகன்யா பக்கத்தில் வந்து, "அந்தக் கிணத்துக் கதையை எழுதிக் குடுங்கம்மா, ஆண்டு மலர்ல போடலாம்" என்றாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்றேன். பேசுகிற மாதிரியே எழுதினால் போதும் என்றாள். அப்படித்தான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் வருகிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

நான் பிறந்தது தாராபுரத்துப் பக்கம். கட்டிக்கொண்டு வந்தது துடியலூருக்கு. வீட்டுக்காரர் வேலை பார்த்த பஞ்சாலையை மூடினார்கள், நான் பவுண்டரிக்குப் போனேன். எங்கள் வீதியில் பாதி வீட்டுக் கதை அதுதான். முதலில் மண் சலித்தேன், பிறகு மண் கலந்தேன், பிறகு கோர் பிடிக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தைவிட்டு ஓய்வு பெறும் நாளில்தான் எழுந்தேன்.

கோர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லாரிக்கும் டிராக்டருக்கும் காருக்கும் எஞ்சின் இருக்கிறதல்லவா, அது இரும்பைக் காய்ச்சி அச்சில் ஊற்றிச் செய்வது. ஆனால் அது கட்டி இரும்பு இல்லை. உள்ளே காற்றுப் போக வழி வேண்டும். புகை வெளியே வர வழி வேண்டும். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் சுற்றி ஓட வழி வேண்டும். இந்த வழியெல்லாம் சந்து பொந்து மாதிரி வளைந்து நெளிந்து போகும். வார்த்த பிறகு அப்படிக் குடைந்தெடுக்க எந்தக் கருவியாலும் ஆகாது. அதனால் அந்த வழியின் உருவத்தை முதலிலேயே மணலில் செய்து, வேகவைத்து, அச்சுக்குள் படுக்கவைத்துவிடுவார்கள். காய்ச்சிய இரும்பு அதைச் சுற்றி ஓடி உறையும். ஆறினதும் தட்டினால் மணல் உதிர்ந்து கொட்டிவிடும். மணல் இருந்த இடம் வழியாக நிற்கும். அந்த மணல் உருவம்தான் கோர்.

இரும்பு ஊற்றுகிறவர்கள் ஆண்கள். கோர் பிடித்தது நாங்கள். எஞ்சினில் இரும்பு அவர்கள் செய்தது, காலியிடம் நாங்கள் செய்தது என்று அப்போதே சொல்லுவேன். இப்போதும் சொல்லுவேன்.

முதல்முதலாக இரும்பு ஊற்றுவதை நான் பார்த்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. அது சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெள்ளையாக இருந்தது. சூரியனை ஒரு வாளியில் மொண்டு வந்தமாதிரி. ஊற்றும்போது சத்தமே இல்லை, பாலை ஊற்றுகிற மாதிரி வழவழவென்று இறங்கிற்று. அவ்வளவு சூட்டுக்கு நடுவில் என் கையால் பிடித்த மணல் உருவம் கரையாமல் படுத்துக் கிடக்கிறது என்று நினைத்ததும் மயிர் கூச்செறிந்தது. மறுநாள் அச்சை உடைத்தார்கள். மணல் பொலபொலவென்று கொட்டியது. இரும்பைத் தூக்கி நிறுத்தி ஒரு துளையில் தண்ணீர் விட்டார்கள். நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்தெல்லாம் தண்ணீர் வந்தது. என் விரல் போய்வந்த வழியிலேயே தண்ணீர் போய்வந்தது. சாமி கும்பிடுகிற மாதிரிக் கையைக் கூப்பிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் சூப்பர்வைசர் பெயர் நாராயணசாமி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் பேசும்போது அம்மணி இல்லாமல் ஒரு வார்த்தை வராது. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டும் பார்த்ததில்லை. வெந்த கோர்களை வரிசையாக வைத்திருப்போம். ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்பார். நன்றாக வெந்திருந்தால் பானை சத்தம் வரும். உள்ளே வேகாமல் இருந்தால் சத்தம் அமுங்கிப்போகும். கெட்டுப்போன கோரை அவர் உடைக்க மாட்டார். பிடித்தவள் கையிலேயே கொடுத்துவிட்டு, "நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மணி" என்று நிற்பார். அப்படி நிற்பதைவிட நாலு வசவு வைதுவிட்டால் தேவலை என்றிருக்கும். அவளே அதைப் போட்டு உடைத்துவிட்டு இன்னொன்று பிடிப்பாள்.

எல்லாவற்றையும்விட அவர் கண்டிப்பாகப் பார்த்தது மூச்சு வழியை. கோருக்குள் கம்பியைக் குத்தி எடுத்து ஒரு சின்ன வழி வைக்க வேண்டும். காய்ச்சிய இரும்பு பட்டதும் மணலில் இருக்கிற பசை எரிந்து புகையாகும். அந்தப் புகை வெளியேற வழி இல்லையென்றால் இரும்புக்குள்ளேயே கொப்புளம் விட்டுவிடும். வார்ப்பே வீணாகும். "உள்ள போனது எதுவும் உள்ளயே இருக்காதுங்கம்மணி. வழி வெச்சா வழியில வரும், வெக்காட்டி உடைச்சுட்டு வரும்" என்பார். தினமும் சொல்லுவார். எங்களுக்கு மனப்பாடம்.

பழைய இரும்பு லாரி வரும் நாளென்றால் எனக்குக் கொண்டாட்டம். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் உடைத்த வண்டிகள், எஞ்சின்கள், சக்கரங்கள் எல்லாம் எங்களிடம் உருக்க வரும். சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தக் குவியலுக்குப் போய்விடுவேன். பிளந்துபோன எஞ்சின் ஒன்றைத் திருப்பிப் பார்ப்பேன். உள்ளே தண்ணீர் ஓடிய வழியில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும், கெட்டில் அடியில் படிகிற மாதிரி. எந்த ஊரில் எந்தப் பெண் பிடித்த கோரோ. அந்த வழியாக எத்தனை ஊர்த் தண்ணீர் சுற்றியதோ. எந்தெந்த மலை ஏறியதோ. இப்போது மறுபடி உலைக்குள் போகிறது, வெள்ளைத் தண்ணீராக உருகி, இன்னொரு வண்டியாக எழுந்து போகிறது. இரும்புக்குச் சாவே இல்லை என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

மண்தான் திரும்பவில்லை.

நான் சேர்ந்த புதிதில் கோர் மணலில் எண்ணெயும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகும் கலப்போம். அடுப்பில் வைத்தால் ஷாப் முழுக்க வெல்லம் காய்ச்சுகிற வாசம் அடிக்கும். வெந்த மண்ணை வெளியே கொட்டினால், வீடு கட்டுகிறவர்கள் வண்டி கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போவார்கள், தரை மேடு பண்ண. பிறகு வேலை பெருகிற்று. எல்லாருக்கும் வண்டி வேண்டியிருந்தது. அடுப்பில் வைத்து மெதுவாக வேகவைக்க நேரமில்லை. ரெசின் என்று ஒரு பசை வந்தது. மணலில் கலந்து பெட்டியில் அடைத்தால் உடனே கல்லாக இறுகிவிடும். ஒரு நாளில் முன்பைப்போல் பல மடங்கு கோர் பிடித்தோம். அதன் வாசம் மட்டும் வேறு. காரமாக, மூக்கின் மேல்பக்கம் ஏறுகிற வாசம். எந்தச் சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. என் பிள்ளைகள் நான் பிசைந்து வைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கும்.

பொழுதோடு வேலை முடிந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பேன். எதிரே வண்டிகள் புகையைக் கக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். அங்கே நிற்கிறவர்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கை மூடுவார்கள். எனக்குத் தெரிவது அந்தப் புகை மட்டும் இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால், அதைச் செய்வதற்காக வெந்த மண் ஒரு குவியலாகக் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே போவது மாதிரித் தோன்றும். ரோட்டில் ஒரு அடி ஓடுவதற்கு முன்னாலேயே ஒரு வண்டி எவ்வளவு மண்ணையும் கரியையும் தண்ணீரையும் தின்றுவிட்டு வருகிறது என்று மலைத்துப்போய் நிற்பேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டிருக்கிறேன். கரண்டு வண்டி வந்தால் கோருக்கு வேலை இருக்காது என்றார்கள். போன மாதம் மெஷின் பார்க்கப் போன அன்றைக்கு சுகன்யா அதற்கான வார்ப்பைக் காட்டினாள். அந்த மோட்டாரும் சூடாகுமாம். அதற்குள்ளும் தண்ணீர் ஓட வழி வைத்திருக்கிறார்கள். மணலில்தான்.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன்.

எங்கள் காம்பவுண்டுக்குள் பின்பக்கம் ஒரு பழைய கிணறு இருந்தது. பவுண்டரிக்கு முன்னால் அந்த இடம் தோட்டமாக இருந்தபோது வெட்டியது. எங்கள் ஊர்க் கிணறு எப்படியென்று தெரியுமல்லவா, சதுரமாக, ஒரு வீட்டையே உள்ளே இறக்கிவிடலாம் போல, பாறையை உடைத்து, படி வைத்து வெட்டியிருப்பார்கள். ஊரெல்லாம் போர்வெல் போட்டு ஆழத்துக்குப் போனதும் இந்தக் கிணறுகள் எல்லாம் வற்றிப்போயின. எங்கள் கிணற்றிலும் தண்ணீர் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அடியில் பாறை வெடித்துக் கிடந்தது, புறா கூடு கட்டியிருந்தது. ரெசின் மண்ணை வீடு கட்டுகிறவர்கள் வாசத்துக்குப் பயந்து எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். குவியல் மதிலுக்கு மேல் ஏறிற்று. காற்றடித்தால் கோர் ஷாப்புக்குள்ளேயே வந்து விழும். செத்த கிணறுதானே, அதில் கொட்டிவிடலாம் என்று முடிவானது. எனக்குத் தெரிந்து பக்கத்தில் பல பேர் அதைத்தான் செய்தார்கள். வற்றின கிணறு என்றால் வெறும் குழி என்றுதான் எல்லாருமே நினைத்தோம்.

கிணற்றை மூடும்போது எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் தண்ணீர் தெளித்து, தேங்காய் உடைத்து, மன்னித்துக்கொள்ளச் சொல்லிக் கும்பிடுவோம். அடியிலிருந்து மேல்வரை ஒரு குழாயை நிறுத்திவிட்டுத்தான் மண் தள்ள வேண்டும். கிணறு மூச்சு விட. அதை நாங்கள்தான் எடுத்துச் சொன்னோம். வேறு கம்பெனியாக இருந்தால் சிரித்திருப்பார்கள். நாராயணசாமி சார் சிரிக்கவில்லை.

"கோருக்கே மூச்சு வெக்கறோம். கிணத்துக்கு வெக்காம இருப்பமாங்கம்மணி?" என்று சொல்லி, இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று முடுக்கி அடிவரைக்கும் தானே நின்று இறக்கினார். கிணறு நிறைந்து மேடு தட்டின பிறகும் அந்தக் குழாய் இடுப்பு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. நாங்கள் அதில் சேலைத் துணி காயப்போடுவோம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ராமாத்தாளின் தோட்டம். எங்களுக்கெல்லாம் ராமாத்தாக்கா. வீட்டுக்காரர் போனபிறகு தனி ஆளாகத் தென்னையும் மாடும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கேண்டீனுக்குப் பால் ஊற்றுகிறவர் அவர்தான். சுற்றிலும் உள்ள தோட்டமெல்லாம் மனை பிரித்து சைட் போட்டு வீடாகிவிட்டன. அவருடைய மகனும் விற்றுவிடச் சொல்லி நின்றுகொண்டிருந்தான். அவர் ஒரே பதில்தான் சொல்லுவார்: "கிணத்துல தண்ணி இருக்கறவரைக்கும் தோட்டத்துல நான் இருப்பேன்." அந்தச் சுற்று வட்டாரத்தில் வற்றாத கிணறு அது ஒன்றுதான்.

ஒரு வருசம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அப்படியொரு மழையை நாங்கள் மறந்தே போயிருந்தோம். குருடிமலை பல நாள் கண்ணுக்கே தெரியவில்லை. பள்ளத்திலெல்லாம் தண்ணீர் ஓடிற்று. மழை நின்று கொஞ்ச நாள் கழித்து ராமாத்தாக்கா பால் கேனோடு கேட்டில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"மாராத்தா இருக்கறாளா? கூப்புடு அவளை" என்றார் வாட்ச்மேனிடம்.

நான் போனேன். "என்னாச்சுங்கக்கா?"

"கிணத்துத் தண்ணி ஒரு மாதிரி இருக்குதம்மணி. மாடு மோந்து பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்குது. ரெண்டு நாளா பஞ்சாயத்து டேங்க் தண்ணி ஊத்திப் பொழைக்க வெச்சிருக்கறேன்."

வாட்ச்மேன் சும்மா இருக்கவில்லை. "மாட்டுக்கு இப்பெல்லாம் பாட்டில் தண்ணி கேக்குதாட்டங்க."

"உனக்கு ஊத்தற பாலுல அந்தத் தண்ணியைக் கலந்து ஊத்தறேன். நீ குடிச்சுட்டுச் சொல்லு, மாட்டுக்கு அறிவா உனக்கு அறிவான்னு" என்றார் அக்கா.

சாப்பாட்டு நேரத்தில் அவரோடு தோட்டத்துக்குப் போனேன். ஒரு வாளி இறைத்து முகர்ந்தேன். தெரிந்த வாசம். என் கையில்தான் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். ராமாத்தாக்காவிடம் சோப்பு வாங்கி, டேங்க் தண்ணீரில் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே இறைங்கக்கா" என்றேன். இறைத்து, போசிக் கிண்ணத்தில் மொண்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதே வாசம். காரமாக, மூக்கின் மேல்பக்கம் ஏறியது. எங்கே மதில், எங்கே எங்கள் கிணறு, எங்கே இந்தக் கிணறு. நடுவில் முழுப் பாறை.

"என்ன மாராத்தா, பேச மாட்டீங்கறே?"

"எங்க மண்ணு வாசமாட்டந்தானுங்க்கா இருக்குது. எப்புடி வந்துச்சுன்னு தெரியலீங்."

திரும்பி வந்து நாராயணசாமி சாரிடம் அப்படியே சொன்னேன். பக்கத்திலிருந்த எங்கள் பெண்களில் ஒருத்தி என் இடுப்பைக் கிள்ளினாள். "உனக்கென்ன வந்துச்சு? அந்தக்கா மாசுக் கட்டுப்பாடு ஆபீசுக்கு எழுதிப்போட்டா கம்பெனியைப் பூட்டிருவாங்க. நாம எல்லாம் எங்க போறது?" என்று காதைக் கடித்தாள். பயம் எனக்கும் இருந்தது. ஆனால் மூக்குக்குத் தெரிந்ததை இல்லையென்று சொல்ல எனக்கு வராது. யாருக்காகவும் வராது.

சார் உள்ளே போனார். கோர் உலர்த்துகிற இடத்திலிருந்து நீளமான கம்பிச் சுருளை எடுத்தார். நுனியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார். பின்பக்கம் போய், இடுப்பு உயரத்துக்கு நின்ற அந்தக் குழாய்க்குள் மெதுவாக விட்டார். நாங்கள் சுற்றி நின்றோம். கம்பி போய்க்கொண்டே இருந்தது. அடி தட்டுவதற்கு வெகு முன்னாலேயே ஒரு சத்தம் கேட்டது.

தண்ணீர்ச் சத்தம்.

மண் மூடி, மேடு தட்டி, மேலே நாங்கள் நடந்து திரிந்த அந்த இடத்துக்கு அடியில் கிணறு ஊறியிருந்தது. எல்லாரும் செத்துப்போயிற்று என்று கும்பிட்டு மூடிய கிணறு. மழையைக் கண்டதும், தலைக்கு மேல் அவ்வளவு மண்ணைச் சுமந்துகொண்டே, இருட்டில் எழுந்து நின்றிருந்தது. சார் கம்பியை இழுத்தார். துணி நனைந்து, தேயிலைத் தண்ணீர் நிறத்தில் வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மணி."

அதே வாசம்தான் என்று தலையை ஆட்டினேன். பாறை வெடிப்பு வழியாக இந்தக் கிணறும் அந்தக் கிணறும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்திருக்கின்றன, நாங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே.

முதலாளி அன்றைக்கே வந்தார். பல்லடத்துப் பக்கம் தோட்டத்து வீட்டில் பிறந்தவர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ராமாத்தாக்காவின் கிணற்று மேட்டில் ஏறி நின்று பார்த்தார். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். பின்னால் வந்த சோதனைக் காகிதமும் நாங்கள் முகர்ந்ததைத்தான் சொன்னது.

"அக்கா, உங்களுக்கு ஆழமா ஒரு போர் போட்டுத் தாரேனுங்க. அது வரைக்கும் லாரித் தண்ணி அனுப்பறேன்" என்றார்.

"போர்த் தண்ணி எத்தனை வருசத்துக்குங்க? வத்துனா மறுபடி ஆழமா போடுவீங்க. அதுவும் வத்தும். இந்தக் கிணறு கெட்டுப்போச்சுன்னு என்ற பையனுக்குத் தெரிஞ்சா நாளைக்கே தோட்டத்துக்குக் கல்லு நட்டு சைட் போட்டுப்போடுவான். எனக்குப் போரும் வேண்டாம், லாரியும் வேண்டாமுங்க. என்ற கிணத்தை எனக்குத் திருப்பிக் குடுங்க."

"மண்ணை எடுத்தாத்தானுங்க்கா அது ஆகும்."

"எடுங்க."

"எடுத்து எங்கீங்க்கா போடறது?"

நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். முதலாளி, சார், அக்கா, நான், நாலு பேரும் தரையைப் பார்த்தோம். எங்கே போட்டாலும் அது ஒருத்தர் தோட்டம். எங்கே கொட்டினாலும் அதற்கடியில் ஒரு பாறை, அந்தப் பாறையில் ஒரு வெடிப்பு. இவ்வளவு பெரிய பூமியில் வேண்டாத மண்ணுக்கு இடமே இல்லை என்று அதற்கு முன்னால் எனக்கு உறைத்ததே இல்லை.

சார்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "புது ஷெட்டு கட்ட வெச்சிருக்கற எடம் இருக்குதல்லங்க. அடியில தளம் போட்டு, மேல கூரை போட்டு, அதுக்குள்ள வெச்சுக்குவமுங்க. மழை படாம. நம்ம மண்ணை நாமளே வெச்சுக்கறோம்."

"அப்ப புது ஷெட்டு?"

கெட்டுப்போன கோரைக் கையில் கொடுத்துவிட்டு நிற்பாரே, அப்படி நின்றார் சார். முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டே, "தளத்தை முதல்ல போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். புது ஷெட் கனவு அவருக்குப் பெரிய கனவு. எங்களுக்கும்தான், அதில் இன்னும் பல பேருக்கு வேலை கிடைத்திருக்கும். ராமாத்தாக்கா ஆபீசுக்கு எழுதிப்போடவில்லை. மண் முழுக்க வெளியே வருகிறவரைக்கும் பொறுத்துக்கொள்வேன், ஒரு வண்டி மண் உள்ளே இருந்தாலும் எழுதிப்போடுவேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். தினமும் பால் ஊற்ற வரும்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

கோடை முழுக்கத் தோண்டினார்கள். கிரேன் வைத்துத் தூக்கித் தூக்கித் தளத்தில் கொட்டினார்கள். நாங்கள் போகும்போதும் வரும்போதும் பார்ப்போம். அந்தக் கருமண்ணோடு, வண்டி மாடல் மாறியதால் வேண்டாமென்று கழித்த கோர்கள் முழுசு முழுசாக வந்தன. ஒருத்தி குனிந்து ஒன்றை எடுத்து, "இது என்ற கை புடிச்சது" என்றாள். இன்னொருத்தி இன்னொன்றை எடுத்தாள். ஒவ்வொருவர் விரல் தடமும் அதில் இருந்தது. ஓடாத வண்டிகளின் வழிகள் எல்லாம் மண்ணுக்கடியில் படுத்துக் கிடந்திருக்கின்றன.

ஆழத்துக்குப் போனதும் படிகள் தெரிந்தன. பாறை தெரிந்தது. கடைசிக் கூடை மேலே வந்த அன்றைக்கு நான் எட்டிப் பார்த்தேன். அடிப்பாறையில் ஒரு வெடிப்பிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கோடையில். கறுப்பாகத்தான். அதைப் பம்பு வைத்து எடுத்து, ஒரு தொட்டியில் விட்டு வெயிலில் வற்றவிட்டார்கள். ஊற ஊற எடுத்தார்கள். கறுப்பு பழுப்பாயிற்று. பழுப்பு வெளுத்தது. அடுத்த மழை வந்தது. அதற்கடுத்த மழையும் வந்தது. சார் மாதம் ஒரு தடவை இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் வேலையை விட்டுப் போகிற வருசம்தான், நல்ல தண்ணீர் என்று எழுதி வந்தது.

அந்தச் சேதியை ராமாத்தாக்காவிடம் நான் கொண்டுபோனேன். காகிதத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை.

"அது இருக்கட்டும். வா இக்கட்ட" என்று கிணற்று மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வாளி இறைத்தார். போசியில் மொண்டு என்னிடம் நீட்டினார்.

"குடி."

"நீங்க குடிங்கக்கா முதல்ல."

"உன்ற மூக்குத்தானே முதல்ல கண்டுபுடிச்சுது. உன்ற வாயே முதல்ல சொல்லட்டும்."

முகர்ந்தேன். பாறை வாசம், பாசி வாசம், வேறொன்றும் இல்லை. குடித்தேன். குளிர்ச்சி பல்லில் ஏறியது. இன்னும் கொஞ்சம் என்று போசியைக் காலி பண்ணிவிட்டேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி மொண்டு, அண்ணாந்து, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தார். குடித்து முடித்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கிணற்று ஓரத்தில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அடியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது, வானத்தைக் காட்டிக்கொண்டு.

"ஏம் மாராத்தா, உனக்கு எஞ்சினுக்குள்ள தண்ணி போற வழியெல்லாம் தெரியுமல்லொ?"

"தெரியுமுங்க்கா. அது நான் வெச்ச வழிங்க."

"இந்தத் தண்ணி எந்த வழியில வருது, எந்த வழியில போகுதுன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க்கா."

"கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து இதைத்தான் குடிக்கறேன். எனக்குந் தெரியாது" என்றார் ராமாத்தாக்கா.

இரண்டு பேரும் கிணற்றுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.